எட்டு நாற்காலி ஜப்பான் சாப்பாடு, சிவகாசி

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் அடைத்துக் கிடந்த வாரத்தில், நானும் என் மனைவி செல்லத்தாயியும் சிவகாசிக்குப் போய் ஜப்பான் சாப்பாடு சாப்பிட்டு வந்தோம். எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணை. இருவரும் பட்டாசு வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். நான் எழுதப் படிக்கக் கற்றது போன வருடம்தான். அன்றிலிருந்து, ஊர் சுற்றியவர்கள் எழுதுவதை போனில் எழுத்துக் கூட்டிப் படித்து, டிக்கெட் எடுக்காமலே பல ஊர் போய் வந்துவிட்டேன். இந்த ஒன்றை நான் எழுதுகிறேன்.

எங்கள் மகள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்க்கிறாள். அதன் முதலாளி மகள் மலர்விழி, அச்சு இயந்திர வேலை படிக்க ஜப்பான் போய், சமையல் படித்துத் திரும்பியவர். பழைய காகிதக் குடோனின் ஒரு மூலையில் எட்டே நாற்காலி போட்டுக் கடை வைத்திருக்கிறார். கடையின் பெயரும் ‘எட்டு’தான். மகள் தன் போனஸில் எங்களுக்கு இரண்டு இடம் பிடித்துக் கொடுத்தாள். ஆளுக்கு மூவாயிரம் ரூபாய். “எட்டுன்னு பேரு வச்சுட்டு எட்டாத வெல போட்டிருக்காகளே” என்றாள் செல்லத்தாயி.

நான் சம்மதித்ததற்கு வேறு காரணம் உண்டு. செல்லத்தாயி உட்கார்ந்து ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கம்பெனியில் அவசரமாக விழுங்குவாள். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றபடி சாப்பிடுவாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், யாராவது குழம்பு கேட்டால் இவள்தான் எழுவாள். ஒரு நாளாவது முதலிலிருந்து கடைசிவரை எழாமல் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. மகளிடம் சொன்னதற்குச் சிரித்தாள். “அம்மாவையா? பத்த வச்ச ராக்கெட்டக்கூட உக்கார வச்சிரலாம்ப்பா.”

காலை ஒன்பதரைக்கு எங்கள் ஊரில் டவுன் பஸ். சாத்தூரில் இறங்கி சிவகாசி பஸ் மாற வேண்டும். சாத்தூர் வரை பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர், “பாட்டிக்கு ஃப்ரீ, ஒங்களுக்குத்தான் துட்டு தாத்தா” என்றார்.

“இவரையும் பொம்பளன்னு எழுதிக்கோங்க தம்பி. அப்பயாச்சும் வீட்டுல ஒரு வேல பாக்காரான்னு பாப்போம்” என்றாள் இவள். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நீளமான ஒரே பலகை. அதற்கு அந்தப் பக்கம் மலர்விழி, இந்தப் பக்கம் நாங்கள் எட்டுப் பேர். ஓர் அச்சகக் குடும்பம் நான்கு பேர், ஒரு பட்டாசு ஏஜென்ட், இயந்திரம் பூட்ட வந்திருந்த ஜப்பான் மெக்கானிக் ஒருவர், நாங்கள் இருவர். என்னென்ன உண்டு என்று எழுதிய அட்டை வரும், வாய்விட்டுப் படிக்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தேன். அட்டையே கிடையாதாம். “என்ன போடணும்னு எங்கிட்ட விட்டுருங்கய்யா. வச்ச ஒடனே சாப்பிட்டுரணும், அம்புட்டுத்தான்” என்றார் மலர்விழி.

முதலில் உள்ளங்கை அளவுத் தட்டில், புளிப்பில் ஊறிய சாத்தூர் வெள்ளரிக்காய் மூன்று துண்டு. செல்லத்தாயி என் காதில், “இது சாம்பிளா? லோடு பின்னால வருதா?” என்றாள். சொல்லிவிட்டுக் காலித் தட்டுகளை அடுக்க எழுந்தாள்.

“அம்மா, நீங்க எந்திரிச்சா எனக்கு வேல போயிரும்” என்றார் மலர்விழி. உட்கார்ந்தாள். பிறகு தெளிந்த சாறு ஒன்று, ரசத்தைவிடச் சாது. ஆவியில் வெந்த முட்டை, தயிர்போல. ஒவ்வொரு கிண்ணம் காலியானதும் இவள் இடுப்பு நாற்காலியைவிட்டு ஒரு விரல் எழும்பும். நான் முந்தானையைப் பிடித்து இழுப்பேன். தூத்துக்குடியிலிருந்து காலையில் வந்த மீனைப் பச்சையாகவே வைத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். வழுக்கிக்கொண்டு போனது, வாடையே இல்லை. இவள் கண்ணைத் திறந்துகொண்டே தின்றாள்.

அடுத்து, சோற்று உருண்டைமேல் பாறை மீன் துண்டு. அதை எங்கள்முன் வைத்துவிட்டு, மீனை மேலாக வாட்ட மலர்விழி கையில் ஒரு சின்னக் காஸ் பர்னரை எடுத்தார். புஸ் என்று நீலத் தீ எங்கள் மீன்மேல் பாய்ந்தது.

பட்டாசுக் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, தீயைக் கண்டால் நின்று பார்க்காதே என்பதுதான். “தீ! வெளிய ஓடு!” என்று கத்தினேன். சிவகாசிக் காதுகள் அல்லவா? அச்சகக் குடும்பம், ஏஜென்ட் எல்லோரும் எனக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். எங்கள் கம்பெனிக் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. ஆறு பேரும் சேர்ந்து தள்ளுகிறோம், கதவு அசையவில்லை.

“தள்ளாதீக! பக்கவாட்டுல இழுங்க! கதவுல எழுதியிருக்கு பாருங்க!” என்று கத்தினார் மலர்விழி.

அந்தக் கடையிலேயே படிக்க இருந்தது அந்த ஒரு வரிதான். அதையும் நான் படிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பலகையருகே இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். சோறு எடுக்கும் குச்சியைப் பிடித்தபடி வாய் பிளந்திருந்த ஜப்பான்காரர். அவர் பக்கத்தில் செல்லத்தாயி, மென்றுகொண்டு.

“நீ ஏன் எந்திரிக்கல?” என்றேன், மூச்சு வாங்க.

“வச்ச ஒடனே சாப்பிடணும்னு அந்தப் புள்ள சொல்லுச்சுல்ல. ஒங்க பின்னால நானும் ஓடுனா எனக்கு வச்சது ஆறிப்போகாதா?” பிறகு என் தட்டைப் பார்த்தாள். “ஒங்களோடது ஆறிப்போச்சு.”

மலர்விழி பர்னரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வேறொன்று செய்து கொடுத்தார். அதற்குமுன் கதவை முழுக்க இழுத்துத் திறந்து வைத்தார். கடைசியாக வந்த பனங்கற்கண்டு ஐஸ்கிரீம் வரை செல்லத்தாயி எழவில்லை. அவள் இடுப்பு ஒரு விரலும் எழும்பவில்லை என்பதற்கு என் கையில் முந்தானையே இல்லை என்பதுதான் சாட்சி.

போக நினைப்பவர்களுக்கு: மூன்று நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். குச்சி வராவிட்டால் கையால் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கதவைப் படியுங்கள். இப்போதெல்லாம் மலர்விழி, “தீ வைக்கப் போறேன்” என்று உரக்கச் சொன்னபிறகே பற்றவைக்கிறாராம்.

இன்னொன்று. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போலத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செல்லத்தாயியும் ஒரு தட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சோறு அடுப்படியில் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“என்ன போடணும்னு ஒங்ககிட்டயே விட்டுட்டேன்” என்றாள்.

எழுந்தது நான்தான்.