பெருமாளை வெறும் கல் என்றேன்

"இல்லை" என்று சொல்வதில் எனக்கு அப்போது ஒரு தனி ருசி இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலேறி மெட்ராஸ் போய் ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் சங்கிலிக்குப் பதில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ். தெருவில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் சிரிப்பு, மீதிப் பேருக்கு என் அப்பாவை நினைத்துக் கவலை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருந்த மேஸ்திரி ஒருவர் அங்கே வேலைக்குப் போவார். நான் புதைபடிவம் தேடுவது தெரிந்து, ஞாயிற்றுக்கிழமையானால் துண்டில் கல் முடிந்துகொண்டு கொல்லைக் கதவைத் தட்டுவார்.

"கடக்கால் தோண்ட சொல்ல கெடச்சிதுமா. எலை மாதிரியே கீது பாரு."

பார்ப்பதற்கு அச்சு அசல் இலைதான். ஆனால் இலை என்றால் நடுவில் ஒரு நரம்பு ஓட வேண்டும், கிளை நரம்புகள் ஓர் ஒழுங்கில் பிரிய வேண்டும். இது கல்லின் விரிசலுக்குள் தண்ணீர் கொண்டுவந்து விட்டுப்போன மாங்கனீசுக் கறை, மனம் போன போக்கில் படர்ந்திருந்தது. இன்னொரு நாள் முட்டை மாதிரி ஒரு கல் கொண்டுவந்தார். உடைத்துக் காட்டினேன், உள்ளே ஓடும் இல்லை, கருவும் இல்லை. களிமண்ணைச் சுற்றிச் சுற்றி இரும்பு படிந்த உருண்டை.

"நீ இன்னாமா, எத்த குடுத்தாலும் இல்ல இல்லன்னே சொல்லிக்கினு கீற!"

"இல்லாததை இருக்குன்னு சொல்லச் சொல்றேளா?" என்று முறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்தார்.

அந்த வருஷம்தான் கும்பகோணத்திலிருந்து பெரியம்மாவின் கடிதங்கள் வர ஆரம்பித்தன. அம்மாவின் ஒரே அக்கா, படுத்த படுக்கையாக இருந்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றேதான்: ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயேன். அம்மா படிப்பாள், மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகுவாள், அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவளால் போக முடியாது. காரணம் எங்கள் ஆத்துச் சாளக்கிராமம். நெல்லிக்காயை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் கல், ஒரு பக்கம் துவாரம். அப்பாவுக்கு அதுதான் பெருமாள். சாளக்கிராமம் இருக்கும் வீட்டில் பெருமாள் ஒரு நாளும் பட்டினி கிடக்கக் கூடாது. திருமஞ்சனம் செய்து ஆராதிப்பது அப்பா, தளிகை பண்ணுவது அம்மா. எனக்குத் தோளில் சங்கு சக்கரம் பொறிக்கும் சமாஸ்ரயணம் ஆகவில்லை, அதனால் நான் சமைத்தால் பெருமாளுக்கு ஆகாது. அடுத்த வீட்டில் வாங்கி வைப்பது அப்பாவுக்கு ஒப்பாது. அவரால் கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியை விட்டு நகர முடியாது, அவருக்கு அடுப்புப் பற்றவைக்கவும் தெரியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு காலை, ஆராதனம் முடிந்ததும், "அப்பா, அதை ஒரு தடவை லென்ஸில் பார்க்கட்டுமா?" என்றேன்.

"தொடாதே. நான் பிடிச்சுக்கறேன், நீ பாரு."

முற்றத்து வெயிலில் உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சுருள் சுருளாக, ஒவ்வொரு சுருளிலும் சீராக மேடு கட்டிய வரிகள். சந்தேகமே இல்லை. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் நீந்திய ஓர் உயிரின் அச்சு அது. அசல் சாளக்கிராமத்துக்கு அடையாளமே அந்தச் சுருள்தான். நான் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட அசல் புதைபடிவம், தினமும் என் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"இல்லைப்பா," என்றேன். "இது சாளக்கிராமம் இல்லை. மேஸ்திரி கொண்டுவராரே, அந்த மாதிரி இரும்பு உருண்டை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் கூடை கூடையா அள்ளலாம்."

அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வெறும் கல்லா?"

"வெறும் கல்."

உள்ளங்கையை மூடிக்கொண்டார். "சரி, உங்கம்மாவை மூட்டை கட்டச் சொல்லு," என்றார்.

மறுநாள் கல்லூரி போகும் வழியில் அம்மாவை எழும்பூரில் வண்டியேற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னப் பெண் மாதிரி கையாட்டினாள். சாயங்கால ரயிலில் திரும்பும்போது வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை எல்லாம் கண்ணில் படவே இல்லை. அப்பாவின் பெருமாளைப் பறித்துவிட்டேன் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

கிணற்றடியில் வெண்கலப் பானை ஊறிக்கொண்டிருந்தது. அடி முழுக்கக் கரி. அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களில் கொப்புளம்.

"நீங்களா சமைச்சேள்? யாருக்கு?"

"பெருமாளுக்குத்தான். வேற யாருக்கு?"

"நான்தான் கல்லுன்னு..."

"தினம் திருமஞ்சனம் பண்றவன்டி நான். உள்ளே வரி இருக்கறது என் விரலுக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியாக எப்போது அவர் எதிரில் அழுதேன் என்று நினைவில்லை. அவர் தீய்ந்த சாதத்தை இரண்டு தட்டில் போட்டு, மோரை ஊற்றினார்.

"அம்மாவுக்குக் கடுதாசி எழுதும்போது இதை எழுதிடாதே," என்றார். "தெரிஞ்சா அடுத்த வண்டியிலேயே கிளம்பி வந்துடுவா."