கான்சாஸில் ஆள் பார்க்கிற லோர்னா

லோர்னா உன்ரூவுக்கு வேலை ஆள் பார்ப்பது. கான்சாஸ் மாநிலம் முழுதும், அதற்கு வடக்கே நெப்ராஸ்காவில் பாதியும் அவள் பொறுப்பு. பிப்ரவரியில் பனி உருகாத மைதானங்களில் தொடங்கி ஜூலையில் டிராஃப்ட் முடியும்வரை காரிலேயே குடியிருப்பாள். எந்தப் பள்ளியில் எவன் வேகமாகப் பந்து எறிகிறான், எந்தக் கல்லூரியில் எவன் ஓங்கி அடிக்கிறான் என்று பார்த்து, தான் வேலை செய்யும் பேஸ்பால் அணிக்குச் சொல்வாள். டிராஃப்ட் அன்று எல்லா அணிகளும் வரிசை வைத்து, சுற்றுக்கு ஒரு பெயராகச் சொல்லும். ஓர் அணி ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் மற்றவர்கள் அவன் பக்கம் திரும்பக்கூடாது. லோர்னா சொல்லும் பெயர்களில் ஆண்டுக்கு ஒன்று தேறினாலே பெரிய விஷயம். ஒன்றும் தேறாத வருஷமும் உண்டு.

கல்லூரி நாட்களில் அவள் சாஃப்ட்பால் அணியில், எறியும் பந்தைக் குனிந்து உட்கார்ந்து பிடிக்கும் கேட்சர். பிறகு மெக்ஃபெர்சன் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல்தான் இந்த வேலைக்கு வந்தாள். கணவன் டேரல் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். "நீ வீட்டுக்கு வந்தா நம்ம நாயே குரைக்குது" என்பான். கோபமாக அல்ல, செய்தி சொல்வது போல.

கீட்டன் ட்ரைலிங்கை அவள் முதலில் பார்த்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது, பள்ளியின் கடைசி வருஷம். எல்லிஸ் ஊர் மைதானத்தில் அன்றைக்கு அடித்த காற்றில் தொப்பி தலையில் நிற்கவில்லை. வலைக்குப் பின்னால் ஏழெட்டு அணிக்காரர்கள் ஆளுக்கொரு வேகமானியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியாக, முழங்கால் முட்டும்படி நடந்துவந்த பையன் முதல் பந்தை எறிந்ததும் எல்லோரும் தங்கள் கருவியைக் குனிந்து பார்த்தார்கள். மணிக்குத் தொண்ணூற்று நாலு மைல்.

பக்கத்தில் ஸ்வோபோடா இருந்தார். நெப்ராஸ்காக்காரர், வேறோர் அணிக்காக இருபத்தைந்து வருஷமாக ஆள் பார்ப்பவர்.

"என்ன அம்மணி, பேயைப் பார்த்த மாதிரி உக்காந்திருக்க? கருவி கெட்டுப்போச்சா?"

"உங்க கருவியைப் பாருங்க. என்னோடது நல்லாத்தான் இருக்கு."

"நான் ஒண்ணும் பார்க்கலம்மா. இவன் சுமார்தான். வா, காபி வாங்கித் தரேன், வீட்டுக்குப் போ."

"நீங்க முதல்ல போங்க. நான் கதவைப் பூட்டிட்டு வரேன்."

இருவரும் கடைசிப் பந்து வரை நகரவில்லை.

ஏப்ரலில் லோர்னா ட்ரைலிங் வீட்டுக்குப் போனாள். பெண் பார்க்கப் போகிறவர்களைப் போலத்தான் இதுவும். பையனை மைதானத்தில் பார்த்தால் போதாது, வீட்டையும் பார்க்கவேண்டும். அவன் அம்மா மார்சி பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கணவன் இறந்தபின் பையனை ஒற்றையாய் வளர்த்தவள். மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்த ரொட்டிகளை அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கீட்டன் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தான்.

"உங்களை மாதிரி நிறையப் பேரு வந்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் மார்சி. "ஆளுக்கொரு கதை சொன்னாங்க. நான் ஒரே கதைதான் சொல்லுவேன். அவன் காலேஜுக்குப் போறான். இந்த வீட்ல இதுவரைக்கும் யாரும் போனதில்ல."

"காலேஜை விட்டு அணிக்கு வர்றதுக்குப் பெரிய தொகையா வந்தா?"

"ரெண்டாவது ரொட்டி எடுத்துக்கங்க. அந்தப் பேச்சு வேணாம்."

லோர்னா எடுத்துக்கொண்டாள். கீட்டனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

டிராஃப்ட் அன்று தலைமை அலுவலகத்திலிருந்து கிரேடி அழைத்தார். எந்தச் சுற்றில் எவனை எடுப்பது என்று கடைசியாக முடிவு செய்கிறவர் அவர்தான்.

"அடுத்த முறை நம்ம வரிசை வரும்போது ட்ரைலிங்கை எடுக்கலாம்னு இருக்கேன். எடுத்தா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவானா? ஒரே வார்த்தைல சொல்லு."

அவள் ஆமென்றால் அவளுடைய ஆள் மூன்றாம் சுற்றில் போயிருப்பான். அவள் பெயர் தலைமை அலுவலகத்தில் பேசப்பட்டிருக்கும். எடுத்தபின் அவன் மறுத்தால் அந்த முறை வீண், ஆனால் பழி பையன் மேல்தான் விழும்.

"மாட்டான்" என்றாள்.

"உன் ஆளை நீயே வெட்டிக்கிறியே."

"கேட்டீங்க, சொன்னேன்."

மற்ற அணிகளுக்கும் மார்சி இதே பதிலைத்தான் சொல்லியிருந்தாள் போலும். அந்த டிராஃப்டில் கீட்டன் பெயரை யாரும் சொல்லவில்லை. அவன் கல்லூரிக்குப் போனான். கல்லூரியில் சேர்ந்தவனை மூன்று வருஷம் எந்த அணியும் தொடமுடியாது என்பது விதி.

இரண்டாம் வருஷம் கீட்டனின் முழங்கையில் தசைநார் அறுந்தது. மணிக்கட்டுப் பக்கமிருந்து ஒன்றை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். ஒரு வருஷம் பந்தைத் தொடவில்லை. மூன்றாம் வருஷம் திரும்பி வந்தபோது வேகம் எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. வலைக்குப் பின்னால் கருவிகள் இல்லை. ஸ்வோபோடாவும் வரவில்லை. லோர்னா மட்டும் வழியில் போகும்போதெல்லாம் அரை நாள் ஒதுக்கி எட்டிப் பார்த்தாள்.

அப்படிப் பார்த்த ஒரு நாளில்தான் அந்தப் பந்தைக் கண்டாள். கிளம்பும்போது சாதாரணமாக வந்தது. அடிக்கிறவன் மட்டையை வீசத் தொடங்கியபின், யாரோ கீழிருந்து கயிற்றைச் சுண்டியது போல அவன் கால்மாட்டில் விழுந்தது. வேகம் போனவன் வேறொன்றைக் கற்றிருந்தான். அன்று அவனுக்கு ஒரே ஓர் இன்னிங்ஸ்தான் கிடைத்தது. வந்த மூன்று பேரும் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள், இன்னிங்ஸ் முடிந்தது.

ஆட்டம் முடிந்து வண்டிகள் நிற்குமிடத்தில் அவனைப் பிடித்தாள். அவன் முகம் கொடுக்கவில்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"என்கிட்ட கேட்டீங்களா?"

"உங்கம்மாகிட்ட கேட்டேன். நீ பக்கத்துலதான் உக்காந்து தின்னுட்டிருந்த. வாயைத் திறக்கல."

"அம்மா முன்னாடி எப்படித் திறப்பேன்? நீங்க எங்கம்மாவைப் பார்த்திருக்கீங்கல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"நான் சரின்னு சொல்லியிருப்பேன், மேடம். கை நல்லா இருக்கும்போதே போயிருப்பேன்."

அவளுக்குப் பதில் இருந்தது. போயிருந்தாலும் அதே கைதானே, அங்கேயும் அறுந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இப்ப உன்கிட்டயே கேக்கறேன். இந்த வருஷம் கூப்பிட்டா வருவியா?"

"இப்ப யாரு என்னைக் கூப்பிடப் போறாங்க?"

"அது என் பாடு. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் பையைத் தோள் மாற்றினான். "வருவேன். நாளைக்கே வருவேன்."

அந்த வாரக் கூட்டத்தில் லோர்னா தொலைபேசியில் அவன் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் நிக்கோ பேசினான். அணிக்காகப் பந்துகளின் கணக்கைப் பார்க்கும் இளைஞன், மரியாதையானவன்.

"லோர்னா, தைச்ச கை, எண்பத்தெட்டு மைல். இந்த மாதிரி நம்மகிட்ட நாப்பது பேர் இருக்காங்க. அவன் ஆடுற மைதானத்துல அளக்கிற இயந்திரமும் இல்ல. நான் எதை வச்சு எடுங்கன்னு சொல்றது?"

"அந்தப் பந்தை நீ பார்க்கலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன். பார்க்கல. பந்து எவ்வளவு விழுதுன்னு அளந்து அனுப்புங்க. நீங்க சொல்ற அளவு விழுந்தா நானே உங்களுக்காகக் கத்தறேன்."

நியாயமான பேச்சு. அளக்கப் பையனை ஒரு நாள் விடும்படி கல்லூரிப் பயிற்சியாளரிடம் கேட்டாள். அவருக்கு நாலாவது வருஷமும் பையன் வேண்டும், முடியாது என்றுவிட்டார். கல்லூரிப் பருவம் முடியக் காத்திருந்து, விச்சிட்டாவில் பழைய கொட்டகை ஒன்றில் நடக்கும் பயிற்சிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தாள். அங்கே இயந்திரம் இருந்தது. ஆனால் அதற்குள் கோதுமை அறுவடை தொடங்கி, கீட்டன் பெரியப்பாவின் தானிய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். வயல் காய்ந்திருக்கும்வரை யாரும் யாரையும் விடமாட்டார்கள். லோர்னா தினமும் மேற்கே வானத்தைப் பார்த்தாள். ஊரே மழை வேண்டாம் என்று வேண்டியபோது அவள் ஒருத்தி மட்டும் வேண்டும் என்றாள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை கொட்டியது. அறுவடை இயந்திரங்கள் நின்றன. கீட்டன் சேற்றுக் காலோடு விச்சிட்டாவுக்கு வந்து சேர்ந்தான்.

பந்தைப் பிடிக்க வருவதாகச் சொன்ன கேட்சர் வரவில்லை.

"இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றான் கீட்டன்.

"நாளைக்கு வெயில் அடிச்சா நீ லாரில இருப்ப." கொட்டகைக்காரரிடம் முகமூடியும் கையுறையும் கேட்டு வாங்கினாள். மார்புக் கவசம் அவளுக்குச் சேரவில்லை, கயிற்றால் கட்டிக்கொண்டாள்.

"மேடம், வேணாம். உங்களுக்கு ஐம்பது வயசு."

"ஐம்பத்தொண்ணு. எறி."

முதல் சில பந்துகளை மெதுவாக எறிந்தான். அவள் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கத்தினாள். "எங்க அத்தை இதைவிட வேகமா எறிவா! சேறு மிதிச்சு இவ்வளவு தூரம் வந்தது இதுக்கா?"

அப்புறம் எறிந்தான். குந்தியிருந்த அவள் முழங்கால்கள் நெருப்பாய் எரிந்தன. அந்த விழுகிற பந்தை முதல் இரண்டு முறை தவறவிட்டாள், மூன்றாவது தொடையில் பட்டது. பிறகு கை பழைய பழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஒன்று மட்டும் கையுறை விளிம்பில் இடித்துக் கட்டைவிரலைப் பின்னுக்கு மடக்கியது. அவள் அடுத்ததற்குக் கையை நீட்டினாள். இயந்திரம் எல்லாவற்றையும் அளந்தது.

அளவுகளைப் பார்த்த நிக்கோ அன்றே அழைத்தான். "சரி. நான் கத்தறேன்."

ஜூலை தொடக்கத்தில் சலைனாவில் ஒரு போட்டி. அங்கே ஸ்வோபோடா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கையில என்ன, கத்திரிக்காய் மாதிரி?"

"கார் கதவுல நசுங்கிடுச்சு."

"அடப் பாவமே" என்றார் ஸ்வோபோடா. அதற்குமேல் கேட்கவில்லை.

டிராஃப்ட் வந்தது. முதல் நாள் பெரிய பெயர்கள். இரண்டாம் நாள் பத்தாம் சுற்று தாண்டியதும் லோர்னா சமையலறையில் தொலைபேசியோடு நின்றாள். கிரேடி அழைத்தார்.

"இந்தத் தடவை என்ன சொல்ற? போடுவானா?"

"போடுவான். அவனே என்கிட்ட சொன்னான்."

காலையில் மார்சியிடமும் பேசியிருந்தாள். "இந்தத் தடவை அவனே பேசட்டும்" என்று சொல்லியிருந்தாள் மார்சி. "ஆனா அந்த மீதி ஒரு வருஷப் படிப்பை எப்பவாவது முடிச்சே ஆகணும். அதை உங்க அணிக்காரங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

பன்னிரண்டாம் சுற்றில் கிரேடி வேறொருவனை எடுத்தார்.

"கிரேடி! என்ன பண்றீங்க?"

"அவசரப்படாத. உன் பையனை வேற யாரும் தேடல. அடுத்ததுல எடுத்துக்கலாம்."

"இப்ப எடுங்கன்னு சொன்னேன்."

"அடுத்தது, லோர்னா."

பதின்மூன்றாம் சுற்றில் அவர்கள் முறை வருவதற்கு மூன்று பெயர்களுக்கு முன்னால், ஸ்வோபோடாவின் அணி கீட்டன் ட்ரைலிங்கின் பெயரைச் சொன்னது.

லோர்னா தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். டேரல் நாயைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கினான். திரும்பி வந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்வோபோடா.

"திட்டிடு. திட்டி முடிச்சப்புறம் பேசறேன்."

"எப்படி?"

"கார் கதவாம்! நான் பன்னெண்டு வருஷம் கேட்சரா இருந்தவன்மா. எந்த விரல் எதுல மடங்கும்னு தெரியாதா எனக்கு? கான்சாஸ்ல நீ குனிஞ்சு பிடிக்கிற அளவுக்கு எவன் இருக்கான்னு யோசிச்சேன். நேரா எல்லிஸுக்குப் போயிட்டேன். பையனே விச்சிட்டாவுல எறிஞ்ச அளவுகளைக் காட்டினான்."

"என் ஆள், ஸ்வோபோடா."

"உன் ஆள்தான். ஆனா எங்க சட்டையைப் போட்டுக்குவான்."

அவள் திட்டினாள். அவர் கடைசிவரை கேட்டார். வைப்பதற்குமுன், "பையனுக்குப் போன் பண்ணு, உன்னைத்தான் கேட்டுட்டிருக்கான்" என்றார்.

கீட்டன் வீட்டு வாசலில் நின்ற லாரிக்குள்ளிருந்து பேசினான். பின்னால் மார்சி அழுவதும் யாரோ கூவுவதும் கேட்டது.

"மேடம், உங்க அணி இல்லையே."

"அதனாலென்ன? கூப்பிட்டாங்கல்ல. கையைப் பத்திரமாப் பார்த்துக்க."

"உங்க விரல் எப்படி இருக்கு?"

"போனை வை, அம்மாவைக் கவனி."

கிரேடி அன்று மாலை அழைத்து மன்னிப்புக் கேட்டார். லோர்னா அதை வாங்கிக்கொள்ளவில்லை. குளிர்காலத்தில் அடுத்த வருஷ ஒப்பந்தம் வந்தபோது, விமானமேறி நேரில் போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பத்தாம் சுற்றுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரு பேரு என்னோடது. நான் சொன்னா சொன்ன இடத்துல எடுக்கணும். 'அடுத்தது'ன்னு சொல்லக்கூடாது."

"அப்படி யாருக்கும் குடுக்கிறதில்ல."

"அப்ப நான் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போறேன்."

மதியம்வரை வாக்குவாதம் நடந்தது. கிரேடி சாப்பாட்டுக்கு எழுந்தார், அவள் எழவில்லை. "சரி, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் அவரால் போக முடிந்தது.

அடுத்த ஜூலையில் அந்த ஒன்றை கிரேட் பெண்ட் ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தாள். பந்தைத் தடுத்து எறிவதில் அருமையான கை, ஆனால் மட்டை வீசினால் பந்து படவில்லை. இரண்டாம் வருஷமே அனுப்பிவிட்டார்கள். கிரேடி அதைச் சொல்லிக் காட்டினார். "ஆமா, தப்பாப் போச்சு. இந்த வருஷத்துக்கு ஒண்ணு இருக்குல்ல?" என்றாள் லோர்னா.

கீட்டன் இப்போது மேல்மட்டத்துக்கு இரண்டு படி கீழே, டெக்சாஸில் எறிகிறான். மேலே போவானா என்று யாருக்கும் தெரியாது. குளிர்காலங்களில் மீதிப் படிப்பைப் படிக்கிறான். மார்சி விடவில்லை.

மார்ச் தொடங்கிவிட்டது. டாட்ஜ் சிட்டியில் இடக்கையால் எறிகிற ஒருவன் இருப்பதாகக் கேள்வி. லோர்னா கார் பின்பக்கத்தைத் திறந்து, தான் சொந்தமாக வாங்கிய கேட்சர் முகமூடியை அங்கே கிடந்த மடக்கு நாற்காலிக்கு அடியில் திணித்தாள். டேரல் காபிக் குடுவையை நீட்டினான்.

"எப்ப வருவ?"

"பையன் எப்படி எறியறான்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வண்டியைக் கிளப்பினாள்.