சூரியனைப் பார்த்து வெட்டிய கபுறு

என் தம்பி கலந்தர் எங்கள் ஊர் மையவாடியில் இறந்தவர்களுக்குக் கபுறு வெட்டுகிறவன். மண்வெட்டி வழுக்கிக் கரை சரிந்தால், "இது கைப்பிழை ராத்தா, மண்ண அள்ளினாச் சரி" என்று அக்காவான என்னிடம் சொல்வான். நீளம் குறைந்தால் அது கண்பிழை. இன்னும் கொஞ்சம் வெட்டினால் தீர்ந்தது. வேறு விதப் பிழையை அவன் அதுவரை கண்டதில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் அவன் மகள் றபீக்கா காய்ச்சலில் மௌத்தானாள். கபுறை வேறு யாரும் வெட்ட வேண்டாம் என்று அவனே போனான். அடக்கும் மையத்தின் முகம், நாங்கள் தொழும் மக்காத் திசையான கிப்லாவைப் பார்க்க வேண்டும். மையவாடி வேலிக்கு நேராக வெட்டினால் அது தானாக அமைந்துவிடும். அன்றைக்கு வேலியும் இல்லை, பழைய கபுறுகளின் அடையாளமான மீசான் கட்டைகளும் இல்லை; எல்லாவற்றையும் மணல் மூடிக் கிடந்தது. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெவ்வைக்கும் வெள்ளம் தாண்டி வர வழியில்லை.

அஸறுத் தொழுகை நேரத்துக்குப் பிறகு, மாலையில் முகில் விலகிச் சூரியன் தெரிந்தது. மாவடிப்பள்ளி வயலுக்குப் பங்குனி அறுவடைக்குப் போனால், சூரியன் மறையும் இடத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பித்தான் அவன் தொழுவான். அதே குறிப்பில் வெட்டினான்.

உதவிக்கு நின்ற இளைஞன் றவூப் அவனிடம், "காக்கா, சாஞ்ச மாதிரிக் கிடக்கே" என்றானாம்.

"சூரியன் உனக்காக இடம் மாறி நிக்குமாடா? பலகையப் புடி."

மாசியில் தண்ணீர் வற்றி, மணலை அகற்றியபோது பழைய வேலிக்கால்களின் அடிக்கட்டைகள் தெரிந்தன. அந்த இடத்திலேயே புது வேலி போட்டார்கள். றபீக்காவின் கபுறு அதற்குக் கோணலாகக் கிடந்தது.

"மார்கழியில சூரியன் தெற்கால ஒதுங்கித்தானே மறையும், கலந்தர்" என்றார் லெவ்வை.

அதை அவன் அறியாதவனா? வயலில் வளர்ந்தவன். அறிந்தது அன்றைக்கு நினைவில் வரவில்லை, அவ்வளவுதான்.

"தோண்டித் திருப்பி வெக்கலாமா, லெவ்வை?"

"உடனே கண்டிருந்தாத் திருப்பியிருக்கலாம். இப்ப உடம்பு கலைஞ்சிருக்கும். தொடாத. உன்ட மனசுல இருந்த நிய்யத்த அல்லாஹ் அறிவான்."

"ஓம்" என்றான்.

வீட்டுக்கு வந்தான். அழவில்லை. சோறு போட்டேன், தின்றான். என்ன கறி என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. மறுநாள் ஒரு கிழவருக்கு வேலிக்கு நேராகக் கபுறு வெட்டிக் கொடுத்தான்.

மகளுக்கு மீசான் கட்டை நடப் புறப்பட்ட காலையில் நான் சொன்னேன்: "தம்பி, கட்டைய வேலிக்கு நேரா நட்டிடு. சனத்துட வாய் மூடும்."

"மேல நேராக்கினா, கீழ கிடக்கிற புள்ள திரும்புமா?"

"திரும்பாதுதான். சனத்துக்கு ஏன் காட்டோணும்?"

கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். பிறகு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பிள்ளை கிடக்கிற கோணலிலேயே நட்டு, மண்ணை மிதித்து இறுக்கியிருந்தான். நேராக நட்டிருக்கலாம் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். அவன் கேட்கவில்லை.