காலேஜ்காரவுக அளந்த நூல்

எங்கள் ஸ்பின்னிங் மில்லில் அந்து போகிற இழையை ஒட்டுவது என் வேலை. நூல் எவ்வளவு வேகம் தாங்கும் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துச் சொல்ல, காலேஜில் இருந்து ஒரு டீச்சரம்மா வந்து நூலை அளந்துகொண்டு போனார். அவர் சொன்னபடி மெஷினின் வேகத்தைக் கூட்டினார்கள். அன்றிலிருந்து இழை அந்துகொண்டே இருந்தது. ஓடி ஓடி ஒட்டியதில் என் முழங்கால் வீங்கிவிட்டது.

மறுபடி வந்த டீச்சரம்மா என்னிடம், "கம்ப்யூட்டர்ல அறுந்து போகலையே, இங்க மட்டும் ஏன் பாட்டி அறுந்து போகுது?" என்று கேட்டார். எனக்குப் புது ஆளிடம் பேச்சு வராது. சூப்பர்வைசர் வேறு பக்கத்தில் நின்றார். கால் வலிதான் என்னைப் பேச வைத்தது.

"நீங்க வந்த அன்னைக்கு மட்டும் நல்ல பஞ்சு போட்டாகம்மா. தினம் ஓடுறது வேற."

சூப்பர்வைசர் சிரித்து மழுப்பினார். "விருந்தாளி வந்தா பழைய சோறா மேடம் போடுவாக?"

"எனக்குப் பழைய சோறுதான் சார் வேணும்" என்று, அன்று ஓடிய நூலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார் டீச்சரம்மா.

கம்ப்யூட்டர் புதிதாகக் கணக்குச் சொல்ல ஒரு மாசம் ஆகுமாம். அதுவரை வேகத்தைக் குறைக்க முடியாது என்றுவிட்டார் சூப்பர்வைசர். நான் மெஷினுக்குத் திரும்பினேன். அதற்குள் ஏழெட்டு இழை அந்து கிடந்தது.