என் வாயை அடைத்த கழுகாசலமூர்த்தி

முருகனை நம்பியிருக்கும் தாய்மார்களே, கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நான் பெரிய வாய்க்காரி. என் வாய்க்குப் பயந்து சரக்குப் போடுகிறவர்கூட எடையில் கை வைக்க மாட்டார். அந்த வாய்தான் என் மகளைக் கெடுக்கப் பார்த்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

கார்த்திகா அப்போது ஒன்பதாம் வகுப்பு. பாடத்தைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். எழுதச் சொன்னால் வெறும் தாள்தான். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்படி பள்ளியில் இரண்டு முறை சொன்னார்கள். "எம்பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது, எல்லாம் சோம்பேறித்தனம்" என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். குறை என்று சான்றிதழ் வாங்கிவிட்டால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற பயம்.

ஒருநாள் அவள், "பள்ளிக்கூடம் வேண்டாம்மா. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறேன்" என்றாள். உடைந்து போனேன். கழுகுமலைக்குப் பஸ் ஏறினேன். "அப்பனே, எம்பிள்ளைக்கு எழுத்தைக் கொடு. சஷ்டி ஆறு நாளும் வாய் திறக்க மாட்டேன்" என்று அழுது நேர்ந்துகொண்டேன்.

அந்த ஐப்பசியில், விரதத்தின் மூன்றாம் நாள் பள்ளியில் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நானே போனேன். டீச்சர் பக்கத்தில் கார்த்திகாவும் நின்றாள். டீச்சர் பேச ஆரம்பித்ததுமே பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு வாயைத் தொட்டுக் காட்டினேன்.

"விரதமா? சரி, நீயே சொல்லு கார்த்திகா. எழுத என்ன கஷ்டம்?"

அதுவரை அவளைக் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

"எழுத்தெல்லாம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது டீச்சர். யாராவது வாசிச்சா நல்லாப் புரியுது. அம்மாட்ட சொன்னா, 'ஏட்டி, நடிக்கியா'ன்னு ஏசுதாங்க."

மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. கண்ணீர்தான் வந்தது. சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் அவள் சொல்வதை எழுத ஓர் ஆள் தருவார்கள், நேரமும் கூடுதலாகக் கிடைக்கும் என்றார் டீச்சர். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பத்தாம் வகுப்பில் பாஸாகிவிட்டாள். இப்போது பதினொன்று படிக்கிறாள். எழுத்து இன்றும் தடுமாற்றம்தான். நான் கேட்டது எழுத்தை. அப்பன் முதலில் என் வாயை அடைத்தான். உங்கள் பிள்ளைக்காக அவனிடம் அழுங்கள். அழுதுவிட்டு, பிள்ளை சொல்வதையும் கேளுங்கள்.

இதை எழுதி முடித்துக் கார்த்திகாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏசுனதை மட்டும் எழுதிருக்கியேம்மா. அடிச்சதையும் எழுது" என்றாள்.

ஆமாம், அடித்தேன். என் பிள்ளை சொல்கிறாள், நான் எழுதுகிறேன்.