தார்ப்பாய்க்கு இங்கிலீஷ் தெரியாதவன்

எங்கப்பாவின் வேலைக்கு வேட்டு வைத்தவன் நான்தான். அதுவும் அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அப்பா குன்னம் பக்கம் ஒரு பருத்திக் கிடங்கில் தற்காலிகக் காவலாளி. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அந்த வைகாசியில் நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள் என்று பேச்சு. அதற்குள் சித்திரையில் ஒரு மத்தியான மழை பெய்து, வெளியே அடுக்கியிருந்த மூட்டைகள் நனைந்துவிட்டன. எப்படி நனைந்தன என்று மூன்று நாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி, பெரம்பலூர் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு மெமோ வந்தது.

தமிழிலேயே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இங்கிலீஷில் கேட்டதற்கு இங்கிலீஷில்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. தெருவிலேயே இங்கிலீஷ் தெரிந்தவன் எட்டாவது முடித்த நான். அப்பா என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“தார்ப்பாய் கிழிஞ்சு கெடக்குன்னு மூணு தடவ சொன்னேன். மாத்தித் தரல. மழ வந்ததும் இந்தப் பக்கம் இழுத்தேன், அந்தப் பக்கம் நனைஞ்சிருச்சு. அவ்வளவுதாம்ப்பா. எழுது.”

எனக்குத் தார்ப்பாய்க்கு இங்கிலீஷ் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே தார்ப்பாயையே விட்டுவிட்டேன்.

ஆனால் அசட்டைக்கு நாலு வார்த்தை தெரியும். வாத்தியார் அந்த வருஷம் வரிசையாகச் சொல்லி எழுத வைத்திருந்தார். ‘கேர்லெஸ்’ தினமும் என் நோட்டில் சிவப்பு மையில் விழுவது. பையன்களைத் திட்டுகிற சொல்லை அப்பாவுக்குப் போடுவது மரியாதைக் குறைவு. ‘ஹீட்லெஸ்’ வாயில் நிற்கவில்லை. ‘ரெக்லெஸ்’ அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு பறக்கிற லாரிக்காரர்களுடையது; அதில் ஒரு வீரம் இருந்தது. ‘நெக்லிஜென்ஸ்’ இருக்கிறதே, அது கோட்டுப் போட்ட வார்த்தை. யூரியா மூட்டையில் ‘கிராஸ் வெயிட்’ என்று பார்த்திருந்த ‘கிராஸ்’ என்பதை அதற்கு முன்னால் வைத்ததும் இன்னும் எடை கூடியது. ஆக, என்னுடைய கிராஸ் நெக்லிஜென்ஸாலும் ரெக்லெஸ் நடத்தையாலும் மூட்டைகள் நனைந்தன என்று எழுதி முடித்தேன்.

“நான் சொன்னதுதானே?” என்றார் அப்பா.

“அதேதாம்ப்பா. கொஞ்சம் கனமா எழுதிருக்கேன்.”

சந்தோஷமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு என்னையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். நான் எழுதியதை ஆபீசர் படிப்பதை நான் பார்க்க வேண்டுமாம். வெளியே, ஆபீசர் அறை ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். ஆபீசர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பாராட்டு வரப்போகிறது என்று நான் சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

“என்னய்யா இது? உன் கழுத்துக்கு நீயே சுருக்குப் போட்டு எழுதிக் குடுத்துருக்க! பாக்க வேண்டிய வேலையப் பாக்கல, எது எக்கேடு கெட்டா எனக்கென்னன்னு இருந்தேன்னுல்ல இருக்கு? கேர்லெஸ்னு எழுதிருந்தாக்கூட ஒரு வார்னிங்கோட விட்டுருப்பேன். இது பைலுக்குப் போச்சுன்னா உன் வேல அவ்வளவுதான்.”

இடி விழுந்த பனைமரம் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்து மார்க்குக்காகப் படித்த வார்த்தைகள் ஒரு ஆளின் சோற்றில் கை வைக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆபீசர் நல்ல மனுஷர்தான். “இத எவன் எழுதுனான்? அவன உள்ள கூப்பிடு. அர்த்தம் தெரியாம எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதட்டும். இதக் கிழிச்சுப் போட்டுட்டு வேற வாங்கிக்கிறேன்” என்றார்.

அப்பா கொடுத்த பதில், சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். “யாரும் இல்லீங்க. நாந்தான் எழுதுனேன்.” பொய் சொன்னதற்காக என் முதுகில் விறகுக்கட்டையை முறித்த மனுஷர்!

ஆபீசிலிருந்து அவர் வெளியே வந்தபோது நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரும்புச்சாறு வண்டியருகே நின்றிருந்தேன். தாகம் என்றேன். ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே வேலை போயிற்று. அப்புறம் நாலு வருஷம் அரியலூரில் சிமெண்டு மூட்டை தூக்கினார்.

என்னைக் கூப்பிட்டிருந்தால் உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருப்பேன், வறட்டு கௌரவத்தால் இவரே வேலையைக் கெடுத்துக்கொண்டார் என்று இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிற்பாடும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதை அப்படித்தான் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அப்பா செத்து மூன்றாம் வருஷம், என் சம்பந்தியிடம் இதே கதையை அவிழ்த்துவிட்டபோது, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“ஒன்னக் கூப்பிடத்தாண்டா ஒங்கப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் பாத்தாரு. பெஞ்சு காலியா கெடந்துச்சு.”