ஓடும் உயரத்தில் அளந்தவள்

எஸ்பன்யோலா ஊருக்குப் புதிதாக வந்த எனக்கு அதெலா வீஹில் முதலில் அறிமுகமானது இரண்டு கால்களாகத்தான். நீல நிறத்து ஐம்பத்தொன்றாம் வருஷச் செவ்ரோலெட் காரின் அடியிலிருந்து அவை நீட்டிக்கொண்டிருந்தன. வந்தது யாரென்றும் பாராமல் ஒரு கை வெளியே வந்தது. "அந்தக் கோணமானிய எடு." எடுத்துக் கொடுத்தாயிற்று, அன்றிலிருந்து பழக்கம்.

பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மிச்ச நேரமெல்லாம் அந்தக் கார்தான். பொத்தானை அமுக்கினால் அதன் உடம்பு மேலே எழும், இன்னொன்றை அமுக்கினால் தரையோடு தவழும். அப்படிப்பட்ட கார்க்காரர்களின் கிளப்பில் சேர ஒரே சட்டம்: வசந்தகாலக் கூட்டத்துக்கு அல்புகர்க்கி வரை கார் தன் சொந்தச் சக்கரத்தில் வரவேண்டும். டிரெய்லரில் ஏற்றி வந்தால், பின் கண்ணாடியில் வைக்கும் கிளப் பலகை கிடையாது. அதுவரை பெண் ஒருத்தியும் அதை வாங்கியதில்லை. போன வருஷம் அதெலா கிளம்பினாள். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங், சீட்டு, வாயிலிருந்த பல் எல்லாம் சேர்ந்து நடுங்க, பாதி வழியில் திரும்பிவிட்டாள்.

"சக்கரத்த பேலன்ஸ் பண்ணு," என்றான் அண்ணன் ஃபிலிபெர்த்தோ. பண்ணினாள். "ஷாஃப்ட மாத்து." மாற்றினாள். நடுக்கம் மட்டும் போகவில்லை.

கியர்பாக்ஸின் வால் சற்றுக் கீழே சாய்ந்திருக்கும். பின் ஆக்சிலின் மூக்கு அதே அளவு மேலே பார்க்க வேண்டும். இரண்டும் இணையாக நின்றால்தான், நடுவே சுழன்று பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டின் ஒரு முனை உதறுவதை மறுமுனை சரிக்கட்டும். ஆக்சிலைப் பொருத்தி வெல்டிங் வைத்த ஃபிலிபெர்த்தோ தப்பாக அளக்கவில்லை. ஆனால் அளந்தது, காரை வயிறு தரையில் படும்படி இறக்கி வைத்து. அந்த ஊரில் எவனும் அப்படித்தான் அளப்பான். கார் அழகாக நிற்பது அந்த உயரத்தில்தானே! நெடுஞ்சாலைக்காகத் தூக்கியதும் ஆக்சிலின் மூக்கு வானத்தைப் பார்த்தது. தூக்கி வைத்து அளந்து அதெலா இதைக் கண்டுபிடித்தபோது, இந்த வருஷக் கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"வெட்டணும்ணே."

"என் வெல்டிங்கயா? அதுக்கு என் கைய வெட்டு."

"கை வேணும். திரும்ப ஒட்ட வைக்கணும்ல?"

"இறக்கி ஓட்டறப்ப கோணம் கெட்டுப்போயிரும்டி."

"இறக்கினா நடக்கற வேகம்தான். அந்த வேகத்துல வண்டி நடுங்காது. வேணும்னா நீ நடுங்கு."

"சிரிக்காத. இன்னொரு தடவ சூடு பட்டா ஆக்சில் குழாய் வளைஞ்சிரும். அப்புறம் இந்த வருஷமும் டாட்டாதான்."

அது உண்மை. ஆனாலும் காப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரை எடுத்தாள். பொறி பறக்கப் பறக்க அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆக்சிலைச் சரியான கோணத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு அவள் வெல்டிங் கம்பியைத் தொட்டதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளு. நீ ஒட்டினா கோழி கிளறின மாதிரி இருக்கும்."

முதலில் பொட்டு பொட்டாக மட்டும் ஒட்டினான். காரை ஓடும் உயரத்துக்குத் தூக்கி, டேங்கை நிரப்பி, பயணத்துக்குரிய கனத்துக்காகச் சிப்ரியானோ மாமாவைப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள்.

"எவ்வளவு நேரம்டி பொம்மையாட்டம் உக்கார்றது?"

"உங்க கனத்த நம்பித்தான் அளக்கறேன் மாமா. அசையாதீங்க."

"பச்சமிளகா புரிட்டோ ஒண்ணு குடு, அசையவே மாட்டேன்."

"குடுக்காத! கனம் கூடிரும்!" என்று அடியிலிருந்து கத்தினான் ஃபிலிபெர்த்தோ.

கோணமானியின் முள் கியர்பாக்ஸிலும் மூன்று டிகிரி காட்டியது, ஆக்சிலிலும் மூன்று. பிறகுதான் முழு வெல்டிங். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், ஆறவிட்டு ஆறவிட்டு. குழாய் வளையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அல்புகர்க்கி போகும் வழியில், போன வருஷம் திரும்பிய இடத்தைத் தாண்டி, லா பஹாதா இறக்கத்தில் அதெலா வேகத்தைக் கூட்டினாள். பக்கத்திலிருந்த அண்ணன் பூட்ஸைக் கழற்றி உள்ளங்காலைக் காரின் தரையில் பதித்தான்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. வண்டி ஓடுதான்னே தெரியல."

அவள் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

கிளப் பலகையை அன்று மாலையே அவள் கையில் கொடுத்தார்கள். அதெலா இப்போதும் எஸ்பன்யோலாவில்தான் இருக்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கியர்பாக்ஸில் எண்ணெய் கசிவதால் செவ்ரோலெட் இந்த மாதம் ஷெட்டில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது.